மின்னணு மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வாமைப் பதிவு

மின்னணு மருத்துவப் பதிவேட்டில் ஒவ்வாமைப் பதிவு என்பது, ஒரு நோயாளிக்கு எந்த மருந்து, உணவு அல்லது பிற பொருள் ஒவ்வாது, அது உடலில் சேர்ந்தபோது என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது ஆகிய விவரங்களைக் கணினியில் குறித்து வைத்து, புதிய தகவல் கிடைக்கும்போதெல்லாம் திருத்தி வரும் நடைமுறை ஆகும். மருத்துவர் மருந்து எழுதும்போதும், மருந்தாளுநர் அதை எடுத்துக் கொடுக்கும்போதும், செவிலியர் ஊசி போடும் முன்பும் இப்பதிவு பார்க்கப்படுகிறது. எழுதப்படும் மருந்து பதிவில் உள்ள பொருளோடு பொருந்தினால் கணினித் திரையில் எச்சரிக்கை தோன்றும்.

காகிதக் கோப்புகளின் காலத்தில் ஒவ்வாமையைக் கோப்பின் முகப்பில் சிவப்பு மையால் எழுதும் வழக்கம் இருந்தது. எழுதியது அந்தக் கோப்போடு நின்றுவிடும். மின்னணுப் பதிவேட்டில் எழுதிய வரியோ பல ஆண்டுகள், பல மருத்துவமனைகள் என்று நோயாளியைப் பின்தொடர்கிறது. முழுமையான வரி அவரை ஆபத்திலிருந்து காக்கிறது. ‘அலர்ஜி’ என்று மட்டும் எழுதி விவரம் எழுதாமல் விட்ட வரி, அவருக்குத் தேவைப்படும் நல்ல மருந்தை வாழ்நாள் முழுவதும் கிடைக்கவிடாமல் செய்துவிடக்கூடும். இந்த இரண்டாவது தீங்கு வெளியே தெரிவதில்லை என்பதால், அது இங்கே சற்று விரிவாகச் சொல்லப்படுகிறது.

‘ஆகாது’ என்ற சொல்

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளுக்கு மாறான விதத்தில் எதிர்வினை காட்டுவதை அவர் அச்சொல்லால் குறித்தார். தமிழில் ஒவ்வாமை என்கிறோம். ஆனால் வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வாமை என்று சொல்வதில்லை. ‘அந்த மாத்திரை எனக்கு ஆகாது’, ‘ஒத்துக்காது’, ‘சேராது’ என்பார். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, சூட்டு மருந்து ஆகாது, அந்த ஊசி ஆகாது என எல்லாவற்றையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது.

இந்த ‘ஆகாது’க்குள் குறைந்தது நான்கு வேறு செய்திகள் இருக்கலாம். ஒன்று, உண்மையான ஒவ்வாமை: மருந்து எடுத்த சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு. இதன் கடுமையான நிலையே அனாஃபிலாக்சிஸ். இரண்டு, மருந்தின் இயல்பான பக்கவிளைவு: ஆன்டிபயாடிக் மாத்திரையால் வயிற்றுப்போக்கு, வலி மாத்திரையால் வயிற்றெரிச்சல். மூன்று, ஒவ்வாமை இல்லாத சகிப்பின்மை: பால் குடித்தால் லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்புவது. நான்கு, பதார்த்த குணம், பத்தியம் குறித்த வீட்டு நம்பிக்கை. நான்கையும் கணினியில் ‘அலர்ஜி’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால், பிற்பாடு பார்ப்பவரால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

எனவே பதிவு செய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘அலர்ஜி உண்டா?’ என்பதாக இருந்தால் போதாது. ‘எந்த மருந்தாவது சாப்பிட்டு உங்களுக்குத் தொந்தரவு வந்ததுண்டா? அப்போது என்ன செய்தது?’ என்று கேட்க வேண்டும். ‘என்ன செய்தது’ என்று கேட்டால் நம் மக்கள் சொல்லிவிடுவார்கள்: ‘கண்ணெல்லாம் வீங்கிப் போச்சு’, ‘ரெண்டு நாள் வயிறு சரியில்லை’. இவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் பதிவேட்டில் தெரிய வேண்டும். இயன்றால் நோயாளியின் சொற்களையே குறிப்பில் எழுதி வைப்பது நல்லது.

பக்கவிளைவு என்பதால் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பொருளில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில் போன்ற மருந்துகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அது ஒவ்வாமை அன்று; சகிப்பின்மை என்று பதிய வேண்டும். அதே வகை மருந்து சிலருக்கு நாக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். அதுவும் வழக்கமான ஒவ்வாமை வழியில் வருவதில்லை என்றாலும், அவருக்கு அம்மருந்தை மீண்டும் தரக்கூடாது. வான்கோமைசின் மருந்தை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். பலருக்கு மெதுவாக ஏற்றினாலே சரியாகிவிடும். விவரம் இல்லாமல் இம்மூன்றையும் ஒரே சொல்லில் எழுதினால் மூன்றுமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

பதிவில் இருக்க வேண்டியவை

இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் மருந்து ஒவ்வாமை பற்றி 2014இல் வெளியிட்ட வழிகாட்டல் இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுவது. மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயர், அளவு, எந்த நோய்க்காகத் தரப்பட்டது, எத்தனை வேளை எடுத்த பிறகு தொந்தரவு வந்தது, வாய்வழியா ஊசியா, என்ன அறிகுறிகள், எவ்வளவு கடுமை, எந்தத் தேதி, இனி எந்தெந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பனவற்றை எழுதுமாறு அது கூறுகிறது. நடைமுறையில் இத்தனையும் கிடைப்பது அரிது. மருந்தின் பெயர், நேர்ந்தது, காலம் ஆகிய மூன்றாவது இருந்தால்தான் அந்தப் பதிவு பிறருக்குப் பயன்படும்.

கணினிகள் தமக்குள் மருத்துவத் தகவலைப் பரிமாறிக்கொள்ள உலகெங்கும் பயன்படும் தரம் எஃப்.எச்.ஐ.ஆர். ஆகும். இதில் ஒவ்வாமைக்கும் சகிப்பின்மைக்கும் சேர்த்து ஒரு தனிப் படிவம் உண்டு. அதில் இது ஒவ்வாமையா சகிப்பின்மையா, மருந்தா உணவா சுற்றுச்சூழல் பொருளா, யார் சொன்னது, யார் பதிந்தது, கடைசியாக எப்போது நேர்ந்தது என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன.

அப்படிவத்தில் ‘கடுமை’, ‘ஆபத்து நிலை’ என்று இரு வேறு கட்டங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கடுமை என்பது அன்று நேர்ந்தது எப்படி இருந்தது என்பதைக் குறிக்கும். ஆபத்து நிலை என்பது அடுத்த முறை அதே பொருள் உடலில் சேர்ந்தால் எவ்வளவு தீங்கு வரக்கூடும் என்ற மருத்துவரின் மதிப்பீடு. நிலக்கடலை தின்ற குழந்தைக்கு முதல்முறை வாயைச் சுற்றித் தடிப்பு மட்டுமே வந்திருக்கலாம். அன்றைய கடுமை குறைவுதான். ஆனாலும் ஆபத்து நிலையை அதிகம் என்று மருத்துவர் பதியலாம். பல இடங்களில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி நிரப்பிவிடுகிறார்கள்.

வெற்றிடமும் ‘இல்லை’யும்

ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் நோயாளிக்கு ஒவ்வாமை இல்லை என்று பொருளாகாது. யாரும் கேட்கவில்லை என்றும் இருக்கலாம், கேட்டும் அவரால் சொல்ல முடியவில்லை என்றும் இருக்கலாம். மாணவர் வருகைப் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் எழுதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நாளுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தால் பிள்ளை வரவில்லை என்று யாரும் கணக்கிட மாட்டார்கள். ஆசிரியர் பெயர் கூப்பிடவில்லை என்றுதான் கொள்வார்கள்.

மேற்சொன்ன ‘நைஸ்’ வழிகாட்டல் இதற்கு மூன்று விடைகளை மட்டுமே அனுமதிக்கிறது: மருந்து ஒவ்வாமை உண்டு, அறிந்தவரை எதுவும் இல்லை, அறிய இயலவில்லை. நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படும் நோயாளிக்கு மூன்றாவது விடை உரியது. உறவினர் வந்ததும் அல்லது அவர் விழித்ததும் அதை மாற்ற வேண்டும். ‘அறிந்தவரை இல்லை’ என்பதும் என்றென்றைக்கும் நிலைக்கும் விடையன்று. போன மாதம் இல்லாதது இந்த மாதம் வந்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு அனுமதியின்போதும் கேட்டுத் தேதியிட வேண்டும்.

அமெரிக்காவில் 2011 முதல் மின்னணுப் பதிவேட்டுக்கான அரசு ஊக்கத்தொகை பெற, 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு மருந்து ஒவ்வாமைக் கட்டம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ‘எதுவும் இல்லை’ என்ற குறிப்பும் அதில் கணக்கில் சேரும். கட்டம் காலியாக இருப்பதை இவ்விதி குறைத்தது. கட்டத்துக்குள் எழுதியது எவ்வளவு பயனுள்ளது என்பதை அது அளக்கவில்லை.

குறியீடும் வெற்று எழுத்தும்

கணினி தானாக எச்சரிக்க வேண்டுமானால், ஒவ்வாமைப் பொருள் கணினி அறிந்த குறியீடாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். குறிப்புப் பகுதியில் ‘பென்சிலின் ஊசி ஆகாது’ என்று தட்டச்சு செய்தால், படிக்கும் மனிதருக்குப் புரியும். பெரும்பாலான மென்பொருள்களில் எச்சரிக்கை எழாது. எழுத்துப்பிழை இருந்தால் தேடினாலும் கிடைக்காது. உலக அளவில் இதற்குப் பயன்படும் குறியீட்டுத் தொகுதி ஸ்னோமெட் சி.டி. ஆகும். ‘அறிந்த ஒவ்வாமை இல்லை’ என்பதற்கும் அதில் தனிக் குறியீடு இருக்கிறது.

வணிகப்பெயர் இன்னொரு பொறி. ஆக்மென்டின் என்ற பெயரில் பென்சிலின் என்ற ஒலியே இல்லை. ஆனால் அதில் இருப்பது அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும். அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் ஒரே மருந்து எத்தனையோ பெயர்களில் விற்கிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தும் வருகின்றன. காம்பிஃபிளாம் மாத்திரையில் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் உள்ளன. அதைத் தின்று தடிப்பு வந்தவருக்கு எது காரணம் என்பது உடனே தெரியாது. அந்நிலையில் வணிகப்பெயர், இரு மருந்துகளின் பொதுப்பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று குறிப்பதே முறை.

பெயர் மயக்கத்தால் தவறான பதிவுகளும் நேர்கின்றன. சல்ஃபா என்பது கோட்ரைமாக்சசோல் போன்றவற்றில் உள்ள ஆன்டிபயாடிக் வகை. சல்ஃபைட் என்பது உணவு கெடாதிருக்கச் சேர்ப்பது. சல்ஃபேட் என்பது பல மருந்துகளில் உள்ள சாதாரண உப்பு. சல்ஃபா ஆகாதவருக்கு இரும்புச் சத்து மாத்திரையான ஃபெரஸ் சல்ஃபேட்டைத் தடுக்க வேண்டியதில்லை. அயோடினும் இப்படித்தான். இறால், நண்டு ஒவ்வாதவருக்கு அயோடின் ஒவ்வாது என்றும், எனவே சி.டி. ஸ்கேனுக்கு முன் போடும் அயோடின் கலந்த ஊசி கூடாது என்றும் நீண்ட நாள் நம்பப்பட்டது. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதன் தசையில் உள்ள டிரோப்போமயோசின் என்னும் புரதம், அயோடின் அன்று. பதிவேட்டில் ‘இறால்’ என்று எழுதாமல் ‘அயோடின்’ என்று எழுதிவிட்டால் தேவையான பரிசோதனை வீணாகத் தள்ளிப்போகும்.

பென்சிலின் காட்டும் பாடம்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கின்படி, அந்நாட்டு நோயாளிகளில் சுமார் 10 விழுக்காட்டினர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறார்கள். முறையாக ஆராய்ந்தால் மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அது உண்மையில் உள்ளது. உடனடி வகை ஒவ்வாமை உண்மையாகவே இருந்தவர்களிலும் சுமார் 80 விழுக்காட்டினருக்கு 10 ஆண்டுகளில் அது நீங்கிவிடுகிறது. பதிவேட்டில் எழுதியது மட்டும் நீங்குவதில்லை.

இந்தத் தவறான பதிவுகள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் ஏற்பட்டவை. வைரஸ் காய்ச்சலில் உள்ள குழந்தைக்கு அமாக்சிசிலின் கொடுத்திருப்பார்கள். வைரஸாலேயே உடலில் சிவப்புப் படை எழும். பழி மருந்தின்மேல் விழும். சிலருக்குத் தந்தைக்கோ தாய்க்கோ இருந்த ஒவ்வாமையைப் பிள்ளையின் பதிவேட்டில் எழுதிவிட்டிருப்பார்கள். பெற்றோருக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பது பிள்ளைக்கு அதைத் தவிர்க்கக் காரணமாகாது.

தவிர்த்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பென்சிலின் தர முடியாத நோயாளிக்குப் பெரும்பாலும் பரந்த வீச்சுள்ள வேறு ஆன்டிபயாடிக்குகள் தரப்படுகின்றன. அத்தகையோருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளின் தொற்றும், கிளாஸ்டிரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றும், அறுவைச் சிகிச்சைப் புண்ணில் சீழ் பிடிப்பதும் கூடுதலாக நேர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கருவுற்ற பெண்ணுக்குச் சிஃபிலிஸ் நோய் இருந்தால் சிசுவைக் காக்கப் பரிந்துரைக்கப்படும் மருந்து பென்சிலின் ஒன்றே. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பல ஆண்டுகள் போடப்படுவதும் பென்சிலின் ஊசிதான். இந்நோய் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையின் கோப்பில் ஆராயாமல் எழுதிய ஒரு சொல் என்ன விலை கேட்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பதிவைத் திருத்துதல்

புதிய ஒவ்வாமையைச் சேர்ப்பதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. பழையதை நீக்கத்தான் ஒருவரும் முன்வருவதில்லை. சேர்த்தால் பாதுகாப்பு, நீக்கினால் பொறுப்பு என்ற எண்ணமே காரணம். ஆகவே பல மருத்துவமனைகளில் செவிலியரும் மருந்தாளுநரும் பதிவைச் சேர்க்கலாம், விவரம் கூட்டலாம். செல்லாது என்று மாற்ற மருத்துவரின் முடிவு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது நியாயமான விதியே.

நீக்குவது என்றால் அழிப்பது என்று பொருளில்லை. எஃப்.எச்.ஐ.ஆர். படிவத்தில் ஒரு பதிவை ‘நடப்பில் உள்ளது’, ‘நடப்பில் இல்லை’, ‘நீங்கிவிட்டது’ என்று குறிக்கலாம். அதன் நம்பகத்தை ‘உறுதியாகவில்லை’, ‘உறுதியானது’, ‘மறுக்கப்பட்டது’, ‘தவறுதலாகப் பதிந்தது’ என்று தனியே குறிக்கலாம். பரிசோதித்து இல்லை என்று கண்டால் ‘மறுக்கப்பட்டது’. பக்கத்துப் படுக்கைக்காரருடையதை இவர் பக்கத்தில் எழுதிவிட்டால் ‘தவறுதலாகப் பதிந்தது’. எதுவாயினும் பழைய வரி வரலாற்றில் நிற்கும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதும் உடன் நிற்கும்.

பென்சிலின் பதிவை மறுஆய்வு செய்ய ஆஸ்திரேலியாவில் உருவாகி 2020இல் வெளியான ‘பென்-ஃபாஸ்ட்’ என்ற எளிய மதிப்பெண் முறை பயன்படுகிறது. ஒவ்வாமை நேர்ந்தது 5 ஆண்டுகளுக்குள் என்றால் 2 புள்ளிகள். அனாஃபிலாக்சிஸ், முகம் தொண்டை வீக்கம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு என்றால் 2 புள்ளிகள். அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1 புள்ளி. மொத்தம் 3க்குக் கீழ் இருந்தால் ஆபத்து குறைவு எனக் கொள்ளப்படும். அத்தகையோருக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் அமாக்சிசிலின் ஒரு வேளை கொடுத்துப் பார்த்து, ஒன்றும் நேரவில்லையென்றால் பதிவை மாற்றுகிறார்கள். இம்முறையில் காலம் தெரியாவிட்டால் 5 ஆண்டுகளுக்குள் என்றே புள்ளி போடப்படும். சிகிச்சை பெற்றாரா என்று தெரியாவிட்டால் பெற்றதாகவே கொள்ளப்படும். ஆண்டைக் குறிக்காமல் விட்ட பதிவு நோயாளிக்கு எதிராக எண்ணப்படுகிறது என்பது இதிலிருந்து தெரியும்.

இச்சோதனை எல்லோருக்கும் உரியதன்று. மருந்து எடுத்த சில நாள்களிலோ வாரங்களிலோ தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது கூடாது. வீட்டில் தாமாக முயன்று பார்ப்பது யாருக்குமே கூடாது.

திருத்திய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய மருத்துவமனை தன் பதிவை மாற்றியிருக்கும். குடும்ப மருத்துவரின் கணினியிலும், வழக்கமாக மருந்து வாங்கும் கடையிலும், நோயாளியின் பணப்பையில் உள்ள அட்டையிலும் பழையதே இருக்கும். அடுத்த முறை அவர் வேறிடத்தில் சேரும்போது பழைய ஒவ்வாமை திரும்ப ஏறிக்கொள்ளும். நோயாளியின் கையிலேயே முடிவைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, பிற இடங்களுக்கும் தெரிவிப்பது இதைக் குறைக்கிறது.

எச்சரிக்கை மிகுந்தால்

தேவையற்ற பதிவுகள் சேரச் சேர, தேவையற்ற எச்சரிக்கைகளும் பெருகும். ஒரு நாளில் பல முறை திரை மறித்தால் மருத்துவர் படிக்காமலே ‘தொடர்க’ என்பதை அழுத்தப் பழகிவிடுகிறார். ஒவ்வாமை எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித் தாண்டப்படுகின்றன என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. வயிற்றெரிச்சலுக்கும் அனாஃபிலாக்சிஸுக்கும் ஒரே சிவப்புக் கட்டம் தோன்றினால், இரண்டாவதையும் முதலாவதைப் போலவே கை தாண்டிச் செல்லும். பதிவில் விவரம் இருந்தால் மென்பொருள் சிறியதை ஓரத்தில் காட்டிப் பெரியதுக்கு மட்டும் மறிக்க முடியும்.

இந்தியாவில்

நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் மின்னணு நலப் பதிவேட்டுத் தரங்களை 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. இதில் ஒருவருக்கு ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண் தரப்படுகிறது. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் தந்தால் வேறொரு மருத்துவர் அவற்றைப் பார்க்கலாம். இதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். வடிவங்களைப் புனேயில் உள்ள தேசிய வள மையம் வகுத்துள்ளது. ஒவ்வாமைக்கான வடிவமும் அவற்றுள் ஒன்று.

தனி எண்ணின் தேவை தமிழருக்குச் சற்றுக் கூடுதல் என்றே சொல்லலாம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒரே ஆள் ஓரிடத்தில் எஸ். கந்தசாமி, இன்னோரிடத்தில் கந்தசாமி எஸ்., வேறோரிடத்தில் தந்தை பெயரை விரித்துக் கந்தசாமி சுப்பையா. மூன்று பெயரில் மூன்று பதிவேடுகள் உண்டானால், ஒவ்வாமை அவற்றுள் ஒன்றில் மட்டுமே இருக்கும். ஒரே பெயருள்ள இருவர் ஒரே ஊரில் இருந்தால் ஒருவருடையது மற்றவர்மேல் ஏறவும் வாய்ப்புண்டு. பெயரோடு பிறந்த தேதியையும் கேட்டு உறுதி செய்துகொள்வது அதனால்தான்.

மருந்தால் நேர்ந்த தொந்தரவை நோயாளியின் பதிவேட்டில் எழுதுவதோடு, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகக் குறிப்பேட்டு ஆணையம் நடத்தும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி நோயாளியும் நேரடியாகத் தெரிவிக்க முடியும். அதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. அங்கும் முதலில் கேட்கப்படுபவை எந்த மருந்து, என்ன செய்தது, எந்தத் தேதியில் என்பவையே.